முனியன் கடித்துப் பார்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

முனியனுக்கு இரண்டு காதும் மந்தம். சிறு வயதில் சீழ் வடிந்து வடிந்து செவிப்பறை ஓட்டையாகிவிட்டது. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பது அவன் தொழில். அரசு சுகாதார நிலையத்தில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காதை அறுத்து எடுத்துக்கொள்வார்கள் என்பான். சந்தேகப்படும் நோயாளிகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். இவன் அளவுக்கு யாரும் இல்லை.

மனைவி ராஜாத்தி வாயசைத்தால் போதும், "இன்னா திட்டறே?" என்பான்.

"சோறு துன்ன வான்னேன்" என்று அவள் கத்துவாள். நம்பமாட்டான்.

எண்பத்து நான்காம் வருடம் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. டேப் ரெக்கார்டர் வாங்கினான். திருவிழாவில் வாசித்த நாயனத்தைப் பதிவு செய்த கேசட் ஒன்று அவனிடம் இருந்தது. அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. டேப் ரெக்கார்டர் சத்தம் அவன் காதுக்கு எட்டவில்லை. பொன்னேரியில் வரதன் என்பவர் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

"நீயும் வா நர்ஸம்மா. செவிடன்னு ஏமாத்திருவான்" என்றான்.

போனேன். வரதன் மேல் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. நாங்கள் வாய் திறப்பதற்குள் சோடா வரவழைத்துவிட்டார்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்றைக் காட்டினார். முகப்பு முழுக்கச் சிவப்பு, பச்சை விளக்குகள். டிரம் அடிக்கிற பாட்டு ஒன்றைப் போட்டார். மேசை அதிர்ந்தது, விளக்குகள் ஏறி இறங்கின.

"காது மந்தம்னா இதான் சரி நைனா. ஊருக்கே கேக்கும்."

அதை முனியனின் காதருகே நான் கத்திச் சொன்னேன்.

"ஊருக்குக் கேக்க நான் எதுக்கு வாங்கணும்?" என்றான். "பாடறது பாட்டா, வெளக்கா?"

தன் கேசட்டைப் போடச் சொன்னான். பிறகு குனிந்து, அதோடு மாட்டியிருந்த ஸ்பீக்கரின் மர விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டான்.

"இன்னாம்மா இது, கடிக்கிறாரு!" என்று வரதன் பதறினார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. இறால் பிடிப்பவர்களுக்கு இரண்டு கையும் நீருக்கடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லால்தான் கடித்துத் தொங்கவிடுவார்கள். கூடைக்குள் இறால் துள்ளுவது பல்லில் கேட்கும் என்று முனியன் முன்பே சொல்லியிருக்கிறான். உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். செவிப்பறை கெட்டாலும் எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போகும். பயிற்சியில் படித்தது, மறந்து போயிருந்தேன்.

முனியன் வாயை எடுத்தான். "பாட்டை நிறுத்து. மிஷின் மட்டும் ஓடட்டும்."

மறுபடி கவ்வினான். முகம் கடுத்தது. "பாட்டே இல்ல, ஆனா மோட்டார் படகு போற மாதிரி உர்ருங்குது. நாயனம் அதுல முழுகிப் போவுது."

"எல்லா மிஷின்லயும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும்மா" என்றார் வரதன் என்னிடம்.

முனியன் அவரைப் பார்க்கவில்லை. கடையின் மூலையில், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் விளக்கே இல்லை.

"அது இன்னா?"

"அது நான் கேக்கறதுக்கு. விக்கறதுக்கு இல்ல."

கத்திச் சொன்னேன். முனியன் சிரித்தான். "அப்ப விக்கறதை நீ கேக்கமாட்டியா?"

அதே ஸ்பீக்கரைச் சின்னப் பெட்டியில் மாட்டச் சொன்னான் முனியன். பாட்டு இல்லாமல் முதலில் கடித்துப் பார்த்தான். தலையாட்டினான். கேசட்டைப் போட்டதும், அது தீரும்வரை பல்லை எடுக்கவில்லை. எச்சில் வழிந்தது. பையிலிருந்து பஞ்சு எடுத்துத் துடைத்துவிட்டேன். அறைக்குள் உட்கார்ந்து ஒருவன் நாயனம் கேட்க அவ்வளவு சத்தம் போதும். பெரியதுதான் வேண்டும் என்று நானும் தப்பாக நினைத்திருந்தேன்.

"இதே மாதிரி புதுசு பண்ணித் தரேன், அடுத்த வாரம் வரச் சொல்லுங்க" என்றார் வரதன்.

"அடுத்த வாரம் உள்ள வேற எதையாவது வெச்சு மூடிருவான். இதையே குடு."

வரதன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் நூல் எடுக்கத் திரும்பிய நேரத்தில் பெட்டியின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டான் முனியன். கட்டும்போது மாற்றிவிடக் கூடாதல்லவா.

ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். ஸ்பீக்கர் விளிம்பில் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. மைக் சொருகவும் ஆம்ப்ளிஃபயரில் ஓர் ஓட்டை இருப்பதை ராஜாத்தி கண்டுபிடித்து, கோயில் மைக்கை இரவல் வாங்கி வந்திருந்தாள். அவள் பேச, இவன் கடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பல்லை எடுத்தான்.

"பதினஞ்சு வருசமா திட்டறான்னு சொன்னேன், நீ நம்பலையே நர்ஸம்மா. கேட்டுட்டேன். திட்டத்தான் செய்யறா."

ராஜாத்தி மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் முடிக்கல" என்று சைகை காட்டினாள். "கடிய்யா."