மண்டைக்குள் வீக்கம், வாசலில் கூட்டம்

பேச்சு சிகிச்சை என்பது பேச்சு போனவரைப் பேச வைப்பதைவிட, அவரைச் சுற்றி நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைக்கும் வேலை.

முதலில் கோலாலம்பூரில், இப்போது கிள்ளானில், மருத்துவமனைகளில் இந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ வருகிறவர்களுக்கும், தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கும் முதலில் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பேன். பேச்செல்லாம் அப்புறம். என்னை மிஸ்ஸி என்பார்கள், டாக்டர் என்பார்கள், டீச்சர் என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன். டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்லும் பொறுப்பும் கேட்காமலே வந்து சேர்ந்துவிட்டது. நீங்களும் பக்கவாத வார்டு வாசலில் மைலோ பிளாஸ்க்கோடு காத்துக் கிடந்தவர் என்றால், கீழே வருகிறவர்களை உங்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். அவர்களில் ஒருவர் நீங்களாகவே இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஊசி வைத்தியம்

சாலாக் செலாத்தானில் நாசி லெமாக் கடை போட்டிருந்த தனலட்சுமி ஆன்டி, ஒரு நாள் காலையில் கரண்டியைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் போனார், கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கூட இருந்த கணவர் பதறிப்போய் கைத்தொலைபேசியை எடுத்தார். ஆம்புலன்சுக்கு அல்ல. ஸ்ட்ரோக் வந்தால் ஆளை அசைக்கக் கூடாது, விரல் நுனிகளிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை எப்போதோ படித்திருந்தார். அதைத் தேடுவதில் கொஞ்ச நேரம் போனது. ஊசியைத் தேடுவதில் இன்னும் கொஞ்ச நேரம். நெருப்பில் காட்டி ஒவ்வொரு விரலாகக் குத்திக்கொண்டிருந்தபோது, காய்கறி வாங்கப் போன பக்கத்து வீட்டு சீன அம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

ரத்தக் கட்டியைக் கரைக்க மருத்துவமனையிலும் ஓர் ஊசி இருக்கிறது. ஆனால் சீக்கிரம் வந்தால்தான் போட முடியும். ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் மூளையில் செல்கள் செத்துக்கொண்டே போகும். ஆன்டி வந்து சேர்ந்தபோது அந்த நேரம் தாண்டியிருந்தது. இப்போது அவர் கோலூன்றி நடக்கிறார், திக்கித் திக்கிப் பேசுகிறார். கணவர்தான் கடையில் நிற்கிறார். யாரும் கேட்காமலே அவர் என்னிடம் சொன்னார்: "பத்து விரல்லயும் நல்லா ரத்தம் வந்துச்சு மிஸ்ஸி. அப்புறம் அந்த மெசேஜ் அனுப்புன என் தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்டா, அவன் படிக்கவே இல்லையாம். பார்வர்ட் மட்டும்தான் பண்ணானாம்."

பொம்பாக்காரர்கள்

பண்டமாரானிலிருந்து வந்த ராஜேந்திரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து அட்மிட் ஆன அன்று மனைவி, மகள், மருமகன் மூவரையும் அடையாளம் கண்டு பெயர் சொன்னார். குழறலாகத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போனது. ஓரிரு நாளில் அவர் தூங்கித் தூங்கி விழ ஆரம்பித்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறக்க மட்டும் செய்தார். உடனே விசாரணை தொடங்கியது. டிரிப் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றார் மகள். தன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் இப்படி ஆனது, அவர் கண் பொல்லாத கண் என்றார் மனைவி.

டாக்டர் வந்தார். நான் தமிழில் சொன்னேன். சுளுக்கின கால் மறுநாள் வீங்குவதுபோல அடிபட்ட மூளையும் வீங்கும். கால் வீங்க இடம் இருக்கிறது, மண்டை ஓட்டுக்குள் இடம் இல்லை. போதாததற்குச் செத்த செல்களை அகற்ற ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்கள் திமுதிமுவென்று உள்ளே வரும். அவை சுத்தம் செய்ய வந்தவைதான், ஆனால் அந்த அவசரத்தில் நல்ல இடத்தையும் கெடுத்துவிடும். மருமகன் குமார் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். "வீடு எரியுதுன்னு பொம்பா வந்து தண்ணி அடிக்கிறான், பக்கத்து வீட்டு சோபா நாசமாப் போவுது, அதானே?" என்றார். டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து, "அதேதான்" என்றார். குமார் சிரிக்கவில்லை. மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அப்போ அந்த பொம்பாக்காரங்கள மெதுவா தண்ணி அடிக்கச் சொல்ல ஒரு மருந்து இல்லையா டாக்டர்?"

உலகம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதற்குள் டாக்டரின் பேஜர் அடித்துவிட்டது.

மாஸ்க் மரியாதை

ராஜேந்திரனின் வீக்கம் வடிந்தது. கண் திறந்து எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். உடனே செய்தி பரவி, பண்டமாரானே திரண்டு வந்துவிட்டது. இங்கேதான் எனக்குப் பயம். மூளை அடிபட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கொஞ்ச காலம் படுத்துவிடும். மண்டைக்குள் அத்தனை அமளி நடக்கும்போது நுரையீரலில் காவலுக்கு ஆள் குறைவு. விழுங்கவும் சரியாக வராது. எச்சில்கூட வழி தவறி மூச்சுக்குழாயில் இறங்கும். பக்கவாதத்தில் தப்பித்தவர்களைச் சளிக்காய்ச்சல் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று ஓர் அங்கிள் ஆரஞ்சுப் பையோடு வந்தார். துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவராம். முகத்தில் ஒழுங்காக மாஸ்க் இருந்தது. மகிழ்ந்துபோனேன். கட்டிலுக்கு அருகே போனார், நண்பனின் கையைப் பிடித்தார், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார், வயிறு குலுங்க இருமினார், மறுபடி மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். நான் ஓடிப்போய் அவரை வெளியே அழைத்து வந்து, ஏன் அங்கிள் இப்படி என்றேன். அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "மாஸ்க்குக்குள்ள இருமுனா மாஸ்க் அழுக்காயிடும் லா, அப்புறம் எப்படி அதப் போட்டுக்கிட்டு நோயாளிய பாக்கிறது?"

இடது பக்கம்

சுங்கை வேயிலிருந்து வந்த கோவிந்தசாமிக்கு மூளையின் வலது பக்கத்தில் அடி. கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்கு மறந்துவிட்டது. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, சோறு போதவில்லை என்று சண்டை போடுவார். தட்டைத் திருப்பி வைத்தால் புதிதாக வந்ததுபோல மீதியைத் தின்பார். முகத்தில் பாதி மட்டும் சவரம் செய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவி பார்வதி அக்கா தினமும் பஸ் பிடித்து வந்து, நாற்காலி இருந்த இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரோ வலது பக்கம் நின்ற என்னிடம், "என் பொண்டாட்டி வரவே மாட்டேங்கிறா, பார்த்தீங்களா" என்று குறைப்பட்டார். நாற்காலியை வலது பக்கம் மாற்றட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் அக்கா, இடது பக்கமே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டால்தான் மூளை அந்தப் பக்கத்தைப் பழகிக்கொள்ளும் என்றேன். அக்கா கூப்பிட்டார். சலிக்காமல் கூப்பிட்டார். ஒரு நாள் அவர் தலை மெல்லத் திரும்பியது. "எப்ப வந்தே?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கலங்கவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கல்யாணமானதுலேர்ந்து நான் எந்தப் பக்கம் உக்காந்தாலும் இவர் பார்த்ததில்ல. இப்பதான் டீச்சர் முதல் தடவையா திரும்பிப் பாக்குறாரு."

மிச்சமிருந்த ஒரு வார்த்தை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் கமிட்டிப் பொருளாளர். அதிர்ந்து பேசாத மனிதர் என்று பெயர். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டு, அத்தனை சொற்களும் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது என்ன என்று இங்கே எழுத முடியாது. யோசித்துச் சொல்லும் சொற்கள் போனாலும், யோசிக்காமல் வாயில் வருபவை தப்பிப் பிழைப்பதுண்டு. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், நன்றி என்றாலும் அதுதான். பிரசாதம் கொண்டுவந்த குருக்களைக் கைகூப்பி, கண்ணில் நீர் மல்க, அந்தச் சொல்லாலேயே வரவேற்றார். குருக்கள் நல்லவர், விபூதி பூசிவிட்டுப் போனார். மனைவி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "இந்த வார்த்தை இவர் வாயிலேர்ந்து வந்து நான் கேட்டதே இல்ல மிஸ்ஸி. இத்தனை வருஷமும் உள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருக்காரு பாருங்க, மனுஷன்!"

நல்லா இருக்கேன்

செந்தில் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், வேலை பெர்மிட்டில் இங்கே வந்து உணவகச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். எண்ணெய்த் தரையில் வழுக்கிப் பின்மண்டை அடிபட்டு, உள்ளே ரத்தம் கசிந்து, ஆபரேஷன் ஆனது. பிழைத்தார். பேச்சு மட்டும் குழறியது. ஊரில் மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்று சைகையால் கெஞ்சினார். போன் கெட்டுப்போச்சு என்று கூட வேலை பார்த்த ஒருவர் அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியமாவது ஒழுங்காகச் சொல்ல வந்த பிறகுதான் பேசுவேன் என்பது செந்திலின் பிடிவாதம். அவர் தேர்ந்தெடுத்த வாக்கியம், "நான் நல்லா இருக்கேன்."

செத்த செல் திரும்பி வராது. பக்கத்தில் இருப்பவைதான் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சொன்னதையே சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர் சொன்னார். கட்டிலில், சக்கர நாற்காலியில், குளியலறையில், நர்சுகளிடம், பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவிடம் என்று எல்லோரிடமும் "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். வார்டிலேயே உடம்பு சரியில்லாத ஆள் அவர் ஒருவர்தான் என்பதுபோல மற்றவர்கள் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு மத்தியானம் போனைப் போட்டோம். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் "ஹலோ" கேட்டதும் செந்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்து, நாங்கள் பழகியபடியே, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிச் சொன்னார். மறுபக்கமிருந்து வந்தது: "பட்டப்பகல்லயே குடிச்சிருக்கியா நீ?"

செந்தில் என்னைப் பார்த்தார். முகம் கோணியது, அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு நிற்காமல் போக, நான் போனை வாங்கி நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. நான் முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "போனை அவருகிட்டயே குடுங்கம்மா. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, நான் வைக்க மாட்டேன், மெதுவா பேசட்டும்."

மண்டைக்குள் அடிபட்டால் என்னென்ன நடக்கும் என்று பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன். மண்டைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு பாடம்கூட முடிந்தபாடில்லை.