வாய்வு என்று சொல்லி ஏறியவர்கள்

அம்புலன்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு நோயாளியைத் தூக்குவது பெரிய கஷ்டமில்லை. என்ன நோய் என்று அவரையே ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் நான் இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷமாகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேரிடம் போயிருக்கிறேன். "மாரடைப்பு போல இருக்கு, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி அழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லாருக்கும் வாய்வு. கொஞ்சம் படித்தவர்களுக்கு கேஸ்டிக். வீட்டில் யாருக்காவது நெஞ்சு அடைத்தபோது முதலில் சோடா வாங்கத்தான் ஓடினீர்கள் என்றால், நீங்களும் என் கட்சி. வெட்கப்பட வேண்டாம், மேலே படியுங்கள்.

நானும் சொன்னேன்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவின் வாசற்படியில் செல்லையா என்பவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை. நானோ குளிர் தாங்காமல் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தேன். அந்த வியர்வையைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனைவி இஞ்சியைத் தட்டிப் பிழிந்து கொடுத்திருந்தார். செல்லையா நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, "இப்ப தேவலாம் மிஸ்" என்றார். நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டில் தொண்டைக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே என்ன வந்தாலும் வாய்வு. "வாய்வு மாதிரித்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். ஈசிஜி வயர்களை மாட்டவில்லை. வளைவுகளில் அவருக்கு வாந்தி வந்துவிடக் கூடாதே என்று வண்டியை மெதுவாக விடச் சொன்னேன்.

பாதி வழியில் அவர் பேச்சு நின்றது. நாடியும் நின்றது. நெஞ்சை அழுத்தினேன், ஷாக் கொடுத்தேன், மறுபடி அழுத்தினேன். ஆஸ்பத்திரி வாசல்வரை கையை எடுக்கவில்லை. அவர் பிழைக்கவில்லை. அன்று வயர்களை மாட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. அவர் மனைவி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"நீங்களும் வாய்வுன்னுதானே மிஸ் சொன்னீங்க?"

வலி இல்லையாம்

அதற்குப் பிறகு, ஆள் எத்தனை ஏப்பம் விட்டாலும் வயர் மாட்டாமல் வண்டியை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வயர் மாட்டத் தெரிந்ததே தவிர, கேள்வி கேட்கத் தெரியவில்லை. கந்தப்பளையில் ஒரு தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா போன் பண்ணியிருந்தார். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசம்மா அக்கா மலையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். போய்ப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெஞ்சு வலிக்குதா? இல்லை. கை வலிக்குதா? இல்லை. தாடை, முதுகு? இல்லவே இல்லை. "வாய்வுதான் மிஸ், கொழுந்து நிறுக்க நேரமாச்சு, நான் போறேன்" என்று எழும்பப் பார்த்தார்.

பிடித்து உட்கார வைத்தேன். ரவிக்கையைத் தளர்த்தினால்தான் வயர் ஒட்ட முடியும், சுற்றிலும் ஆண்கள். கூட வேலை செய்த நாலு பெண்கள், இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்த்து நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைவிட நல்ல மறைப்பு எந்த ஆஸ்பத்திரியிலும் நான் கண்டதில்லை. ஈசிஜியில் கோடுகள் தாறுமாறாக எழும்பியிருந்தன. அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்துவிட்டு, "இவ்வளவு இருக்கு, வலிக்கலன்னு சொல்றீங்களே அக்கா" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவருக்கும் கோபம் வந்தது.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல மாட்டேனா மிஸ்? இது வலி இல்லைங்க, நெத்தியில மாட்டுற கூடைக் கயித்த நெஞ்சுல மாட்டி யாரோ பின்னுக்கு இழுக்குற மாதிரி இருக்கு."

குளித்துவிட்டு வந்தவர்

ராசம்மா அக்கா பிழைத்தார். அவர் புண்ணியத்தில் நான் வலியைக் கேட்பதை விட்டேன். "நெஞ்சுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், ஆட்கள் தாங்களாகவே எல்லாம் சொல்கிறார்கள்.

ஆனால் சேவியர் மாஸ்டர் மாதிரி ஆள் கிடைத்தால் கேள்விக்கே இடமில்லை. திம்புள்ள பக்கம் தோட்டத்துப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். மூச்சு முட்டுகிறது என்று அவரே போன் பண்ணினார். "நடக்காதீங்க, இருந்த இடத்திலேயே உட்காருங்க, நாங்க வந்து தூக்குறோம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். வண்டி லயத்துக்கு ஏறாது. நானும் டிரைவர் நந்தசேன அண்ணனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். பாதியில் வெள்ளைச் சட்டை, படிய வாரிய ஈரத் தலை, கையில் ஒரு பையோடு ஒருவர் இறங்கி வந்தார். வழிவிட்டு நின்று, "மாஸ்டர் வீடு எதுங்க?" என்று கேட்டோம். "நான்தான்" என்று சொல்லி அப்படியே படியில் சாய்ந்தார். உதடு நீலம்.

மாரடைப்போடு, பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில், அந்தக் குளிரில் குளித்துவிட்டு, நூறு படி இறங்கியிருக்கிறார். அவரை நாற்காலியில் கட்டி இறக்கும்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பயத்தில் எனக்கு அப்படித்தான் வாய் வரும். கண்டியில் ரத்தக் குழாய் அடைப்பை எடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பியதும் நன்றி சொல்லப் போன் பண்ணினார். ஏன் மாஸ்டர் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சட்டையைக் கழட்டச் சொல்லுவாங்கன்னு தெரியும் மிஸ், அதுக்குன்னு அழுக்கோடயா போறது?"

டிரைவருக்கும் கேஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நந்தசேன அண்ணன் உயிரோடு இருக்கிறார். இல்லையென்றால் இதை எழுத எனக்குத் தெம்பு வந்திருக்காது. இந்த ஏழு வருஷமும் அவர்தான் வண்டி ஓட்டினார். தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். வாய்வுக்கு அவர் வாயில் கேஸ். செல்லையா போன பிறகு, வீடுகளில் யாராவது வாய்வு என்று ஆரம்பித்தால், நான் வாயைத் திறக்கும் முன்னே, "கேஸ் இல்ல, ஏறுங்க" என்று சொல்கிறவர் அவர்.

நுவரெலியாவில் ஒரு நோயாளியை விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டு மணி இருக்கும். திடீரென்று ஓரத்தில் நிறுத்தினார். ஜன்னலை இறக்கினார். இடது தாடையைத் தடவிக்கொண்டே, "பகல் சோறு உறைப்பு நங்கி, கேஸ்" என்றார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. டிரைவர் சீட்டிலேயே வைத்து வயர்களை ஒட்டினேன். பார்த்துப் பழகிய அதே கோடுகள். அவரும் எட்டிப் பார்த்தார். மெஷின் பழசு என்றார். ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷப் பாதைதானே, தானே ஓட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லி ஸ்டியரிங்கை விடவில்லை. நான் சாவியை உருவிக்கொண்டேன். உருவிய பிறகுதான் ஒன்று உறைத்தது: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

வேறு வண்டி கேட்டேன். வர முக்கால் மணி நேரம் என்றார்கள். அஸ்பிரின் கொடுத்துவிட்டு ரோட்டின் நடுவில் போய் நின்றேன். கொழுந்து லொறி ஒன்று வந்தது. அதன் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். லொறியைக் கொழுந்தோடு ஓரம்கட்டிவிட்டு எங்கள் வண்டியை ஓட்ட ஏறினார். ஆனால் நந்தசேன அண்ணன் பின்னால் படுக்க மாட்டேன் என்றார். கெஞ்சினேன், அதட்டினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. இந்த மனிதருக்குத் தெரியாத அறிகுறியா, ஏன் இப்படிப் படுத்துகிறார் என்று அழுகை வந்துவிட்டது. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கேஸ் இல்லன்னு எனக்குத் தெரியும் நங்கி, ஆனா இதுல படுத்துப் போன எல்லாரையும் நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதானே வண்டி ஓட்டினேன்."

தெரியாமல் வாய்வு என்று சொல்கிறவருக்கு ஓர் ஈசிஜி போதும், தெரிந்துகொண்டே சொல்கிறவரிடம் சாவியைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கிறது.