ஹலீமா வீட்டுத் தொட்டிச் சேறு

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு மீன் கடைக்குப் போனேன். சமைக்கிற மீன் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிற மீன். பேரனுக்குக் கண்ணாடித் தொட்டி வேணுமாம். கடைக்காரத் தம்பி ஒரு சின்னப் போத்தலை எடுத்து, "அன்ரி, இதை ஊத்தாமல் மீன் விடக்கூடாது. மீன்ர கழிவே மீனுக்கு நஞ்சு. அதைத் தின்னுற நல்ல கிருமி இதுக்குள்ள இருக்கு" என்றார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். அட கடவுளே, கொட்டாஞ்சேனை! ஹலீமா வீட்டுச் சேறு! அதைப் போத்தலில் அடைத்து விலையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கடை என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

உங்களுக்கு ஹலீமாவைத் தெரியாது. வெள்ளைக்காரன் போவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. நான் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு, கோட்டை வரைக்கும் ரயில், பிறகு ட்ராம் என்று கொட்டாஞ்சேனைக்குப் படிப்பிக்கப் போவேன். ட்ராமில் ஏறினால் துறைமுகப் பக்கத்துக் கருவாட்டு மணமும் கூடவே ஏறும். பெண்கள் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. வேலை நிரந்தரமில்லை. தையல் படிப்பிக்க வந்த ஹலீமாவுக்கும் அதே நிலைமைதான். "உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம்" என்று தலைமை ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டா. அவ பறங்கி மனிசி, எங்களுக்குப் பெரிய மிஸ்.

எனக்கு அந்த வேலை வேணும். எப்படியும் வேணும். ஊரில் என்னைப் பெற்ற ஐயா ஒரு புகையிலை வியாபாரியின் மகனைப் பேசி வைத்திருந்தார். வேலை போனால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்தேன். படத்திலேயே கோபமாக இருந்தார்.

அப்போதுதான் யாரோ ஒரு துரை கப்பல் ஏறும்போது தன் கண்ணாடித் தொட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும்போது இதில் மீன் உயிரோடு நீந்தவேண்டும்" என்று பெரிய மிஸ் அதை என் தலையில் கட்டினா.

யாழ்ப்பாணத்தாள் கையில் ஒரு பாத்திரம் கிடைத்தால் என்ன செய்வாள்? சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு மினுக்குவாள். மினுக்கினேன். ஆற்று மணலை அரிசி மாதிரி ஏழு தண்ணீரில் கழுவி, போதாதென்று அவித்து, வெயிலில் காயவைத்தேன். செடி ஒன்றும் வைக்கவில்லை, அழுகி ஊத்தையாகிவிடும் என்று. பிறகு 'புலத் ஹப்பயா' ஆறு வாங்கி விட்டேன். வெற்றிலை போட்டது மாதிரிச் சிவந்த மீன், சிங்களத்தில் பெயரும் அதுதான். நாலாம் நாள் ஆறும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கழுவினது காணாது என்று இன்னொருக்கால் எல்லாவற்றையும் கழுவி, வேறு ஆறு விட்டேன். அதுகளும் போய்ச் சேர்ந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் மல்லிகைச் செடியடியில் புதைத்துப் பாட்டும் பாடினார்கள். இரண்டாம் தரம் பாட்டு நன்றாகவே வந்தது.

ஹலீமா வந்து எட்டிப் பார்த்தா. "புள்ள, நீங்க மீன் வளக்கிறீங்களா, மையத்துக் குளிப்பாட்டுறீங்களா?"

பிணம் குளிப்பாட்டுகிற மாதிரி என்கிறா. அழுதுவிட்டேன். அவ என்னைக் கையில் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பின்பக்கம் ஒரு சீமெந்துத் தொட்டி. அடியில் கறுத்த சேறு, மேலே அல்லி, நடுவில் பற்றையாக வேலம்பாசி, அதற்குள் கப்பி மீன்கள் கும்பல் கும்பலாக ஓடுகின்றன.

"இதை எப்ப கழுவுவீங்கள்?"

"கழுவுறதா? உம்மா கலியாணம் முடிச்சி வந்த நாள்லேருந்து ஒருத்தரும் கை வெச்சதில்ல!"

முழங்கை மட்டும் கையை விட்டுச் சேற்றை அள்ளி வாளியில் போட்டா. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ரிக்‌ஷாக்காரர் வழி முழுக்க எங்களை ஏசிக்கொண்டே இழுத்தார்.

பள்ளிக்கூடத்துத் தொட்டியின் அடியில் அந்தச் சேறு, மேலே மணல், நெருக்கமாக வேலம்பாசி, ஹலீமா வீட்டுத் தொட்டித் தண்ணீர், மூன்றே மூன்று மீன். எல்லாம் கலங்கிப் பால்தேத்தண்ணி நிறத்தில் நின்றது. அது வெள்ளிக்கிழமை. பெரிய மிஸ் பார்த்துவிட்டு, "இது என்ன, சாக்கடைக் கானா? திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். கழுவு!" என்றா.

நான் தேங்காய்த் தும்பை எடுத்தேன். ஹலீமா பறித்தா. "கழுவினா உங்கட வேல போகும்."

"கழுவாட்டியும் போகும்!"

அவ போய், இன்ஸ்பெக்டருக்குக் காட்டவென்று இரண்டு மாதமாகப் பூவேலை செய்த மேசைத் துணியைக் கொண்டுவந்தா. ஜன்னல் பக்கத்தை வெளிச்சத்துக்கு விட்டு, பெரிய மிஸ் பார்க்கிற பக்கத்தை அதால் மறைத்தா. துணியின் கரையில் சேறு ஊறியது. அவ பார்க்காதது போல நின்றா.

திங்கட்கிழமை பெரிய மிஸ் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, ஹலீமா துணியை இழுத்தா. தண்ணீர் தெளிந்து கிடந்தது. வேலம்பாசியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஏறின. மூன்று மீனும் என்னைவிடத் தைரியமாக நீந்தின. இன்ஸ்பெக்டர் துரை குனிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார். மாற்றுகிறதில்லை என்றேன். "அருமை. இது யாருடைய யோசனை?"

ஹலீமா கதவடியில் நின்றா. கையில் அந்தச் சேறு பிடித்த துணி.

"என்னுடையது, சேர்" என்றேன்.

ட்ராமுக்கு நிற்கும்போது அவ என் தோளில் தட்டி, "விடுங்க புள்ள, தையல் ரீச்சருக்குச் சேத்துல என்ன வேல எண்டு கேட்டீப்பாங்க" என்று சிரித்தா. அந்த மாசக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமானது. ஹலீமா தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனா. காலிப் பக்கம் கல்யாணம் முடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடிதம் எழுதவேணும், எழுதவேணும் என்று எழுதாமலே விட்டேன்.

இப்போது ட்ராமே இல்லை. புலத் ஹப்பயாவைக் கேட்டால் கடைக்காரத் தம்பி முழிக்கிறார். ஹலீமாவின் வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம், தொட்டி இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

"செடியும் சேறும் இருந்தா உந்தப் போத்தல் தேவையில்லைத் தம்பி" என்றேன்.

"உங்களுக்கு இதை ஆர் அன்ரி சொன்னது?"

"ஹலீமா" என்றேன்.

அவருக்கு ஹலீமா ஆரென்று என்ன தெரியும்? தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். அன்று அதே கேள்வியைக் கேட்ட இன்ஸ்பெக்டரும் இல்லை, கதவடியில் நின்றவளும் இல்லை.