தேதி மட்டும் சொன்ன எலிசா

எலிசாவுக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். கிரீன் கார்டுக்குப் பதினோரு வருடமாகக் காத்திருக்கிறாள்; பார்க்கிங் டிக்கெட் வந்தால்கூட வக்கீலைக் கூப்பிடுவாள். அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் நாங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஹெச்.ஆர். அவள்தான். தினமும் என் காரில்தான் வருவாள்.

பெரியவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலையிலிருந்த மயில்சாமி, போன வருடம், சாப்பிட மறுத்த ஒருவரின் கையை முறுக்கிவிட்டான். எலிசாவே விசாரித்து, ரிப்போர்ட் எழுதி, அவனை வேலையை விட்டு அனுப்பினாள். அன்றைக்கு அவளுக்குப் பயமே இல்லை.

இந்த மார்ச்சில் பிரிட்ஜ்வாட்டரிலுள்ள இன்னொரு முதியோர் இல்லம், அவனை வேலைக்கு எடுக்கும் முன், ஒரு தாளை அனுப்பிவிட்டு அவனைப் பற்றி விசாரித்து போன் செய்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி. அவ்வளவுதான் சொன்னாள். ஏன் விலகினான் என்று கேட்டதற்கு, அதெல்லாம் சொல்வதில்லை என்று வைத்துவிட்டாள்.

காரில் நான் கத்தினேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!"

"அவன் கேஸ் போட்டா? கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு கோர்ட்டு கேஸோட போய் நிக்கவா? உனக்கென்ன, நீ சிட்டிசன்."

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

பத்து நாள் கழித்து, ஃபைலில் வைக்கும்போதுதான் அந்த இல்லம் அனுப்பியிருந்த தாளைப் படித்தாள். கீழே, தன்னைப் பற்றி விசாரிக்கச் சம்மதம் என்று மயில்சாமியின் கையெழுத்து. அதற்கு மேலேயே இருந்தது: தெரிந்த உண்மையை நல்லெண்ணத்தோடு சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. கிரீன் கார்டு தாள்களை வரி விடாமல் மனப்பாடம் செய்தவள், இதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

ஏழு தடவை அந்த இல்லத்துக்கு போன் செய்தாள். ஏழு தடவையும் வாய்ஸ்மெயில். "வண்டிய எடு, ப்ளீஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 287 ஹைவே முழுக்க, "ஆண்டவரே, அவன் இன்னும் சேர்ந்திருக்கக் கூடாது" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வரவேற்பறையில் புதுச் சீருடையில் மயில்சாமி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம்! நீங்க தப்பா ஒண்ணுமே சொல்லலையாமே. உங்களாலதான் இந்த வேலை. ரொம்ப தேங்க்ஸ்!"

நாற்காலியில் இருந்தவரின் சட்டையில் கஸ்தூரிரங்கன் என்று பெயர் ஒட்டியிருந்தது. போர்வையைச் சரிசெய்ய மயில்சாமி குனிந்ததும், அவர் இரண்டு கைகளையும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குள் அவர் மணிக்கட்டில் கன்றிப்போயிருந்ததை நாங்கள் பார்த்துவிட்டோம்.

எலிசா மேனேஜர் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டிக்கொண்டே, "பத்து நாளாச்சே, பத்து நாளாச்சே" என்று அழுதாள்.