இடப்பக்கச் சிப்பாய்

படச்சட்டத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். நான் மாட்டிய படம் விருந்தினர் முன்னிலையில் என் கையாலேயே சுவரிலிருந்து இறக்கப்பட்டது ஒரே ஒரு முறைதான். இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர் அதை என்னிடமிருந்தே அறிவது முறை. என் சக பணியாளர் மரியநாயகம் சொல்லும்போது அதில் சிரிப்பு கூடுதலாகவும் உண்மை குறைவாகவும் இருக்கும்.

1. உள்ளே பார்க்கும் முகங்கள்

எங்கள் கடை கனடாவில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறது. பழைய படங்களை ஸ்கேன் செய்து, பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டு, வீட்டுச் சுவரில் மாட்டியும் கொடுப்போம். நான் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவன். ஸ்கேனும் அச்சும் என் பொறுப்பு. மரம் வெட்டுவதும் சட்டம் பூட்டுவதும் மன்னாரைச் சேர்ந்த மரியநாயகத்தின் பொறுப்பு.

இல்-பிசாரில் புது வீடு வாங்கியிருந்த குர்மீத் என்ற பஞ்சாபிப் பெண்மணி ஒருநாள் இரண்டு படங்களைக் கொண்டுவந்தார். முதலாம் உலகப் போரில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட சீக்கியச் சிப்பாய்களின் படங்கள். ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து பெற்றவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பாய், தலைப்பாகையும் துப்பாக்கியுமாக நின்றார். தலைப்பாகைச் சிப்பாய் என்றால், எண்பதுகளின் இறுதியில் இந்தியப் படை வந்துபோன எங்கள் ஊராருக்கு வேறு நினைவுகளும் உண்டு. இவர்கள் அக்காலத்துக்கு மிக முந்தியவர்கள். அந்நியக் குளிரில் மீசையை முறுக்கி நின்ற அந்த முகங்கள் எனக்குப் பிடித்துப்போயின.

அவரும், பின்னர் வரும் அவருடைய தந்தையும் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"என்ர அப்பா ஆமியில சுபேதாரா இருந்து பென்சன் எடுத்தவர். கனடாவில தனக்கு என்ன கிடக்கு எண்டு இவ்வளவு காலமும் வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலா வாறார். பிடிச்சால் மூண்டு மாதம் நிப்பார். பிடிக்காட்டி அடுத்த கிழமையே டிக்கெற்றை மாத்திப்போடுவார். கதவால வந்த உடன இவையள் ரெண்டு பேரும் அவரை வரவேற்கவேணும்."

"எங்கள் கடையிலிருந்து போன படம் இதுவரை திரும்பி வந்ததில்லை, அம்மா" என்றேன்.

படங்கள் குளிர்காயும் அடுப்பின் இருபுறமும் தொங்கவேண்டும். சிக்கல் என்னவென்றால், இரு சிப்பாய்களும் இடப்புறமே பார்த்தார்கள். சோடிப் படங்களில் முகங்கள் ஒன்றையொன்று பார்க்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். வெளியே பார்க்கும் முகம் பார்ப்பவரின் கண்ணையும் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே இடப்பக்கம் மாட்டவேண்டிய சிப்பாயைக் கணினியில் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பினேன்.

மரியநாயகம் எட்டிப் பார்த்தார். "அண்ணை, ஆளைத் திருப்பிறியளே? அந்தக் குர்மீத் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத் திருப்புங்கோவன்."

"படத்தில எழுத்தும் இல்லை, மணிக்கூடும் இல்லை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"உந்தாளுக்குத் தெரியுமே!" என்று சிப்பாயைக் காட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

2. அணிவகுப்புப் பரிசோதனை

சனிக்கிழமை மாட்டினோம். மட்டம் பார்த்ததில் மயிரிழை பிசகில்லை. மகிழ்ந்துபோன குர்மீத் எங்கள் இருவரையும் மறுநாள் விருந்துக்கு அழைத்தார்.

சுபேதார் எண்பது வயதிலும் கம்பீரமாக உள்ளே வந்தார். படங்களைக் கண்டதும் நின்றார். மேலங்கியை இழுத்துச் சரிசெய்து, குதிகால்களைச் சேர்த்து, சல்யூட் அடித்தார். குர்மீத் கண்களைத் துடைத்துக்கொண்டார். நான் சமோசாத் தட்டுடன் சற்று முன்னால் நகர்ந்தேன். பாராட்டு வரும்போது அருகில் இருப்பது நல்லது.

அவரோ பரிசோதனையைத் தொடங்கினார். வலப்பக்கச் சிப்பாயைச் சப்பாத்திலிருந்து தலைப்பாகைவரை பார்த்துத் தலையசைத்தார். இடப்பக்கச் சிப்பாயிடம் வந்ததும் மூக்கு கண்ணாடியில் முட்டுமளவுக்குக் குனிந்தார்.

"இவன் எந்த ரெஜிமென்ற்? பதக்க நாடா வலப்பக்கம் கிடக்கு. துப்பாக்கியில குண்டு ஏத்துற போல்ட் பிடி இடப்பக்கம் கிடக்கு. சட்டைப் பொத்தான் பொம்பிளைச் சட்டை மாதிரிப் பூட்டியிருக்கு."

குர்மீத்தின் முகம் வாடியது. "இடக்கைக்காரரா இருப்பார், அப்பா."

"ஆமி இடக்கைக்காரருக்கெண்டு துவக்குச் செய்யிறதில்லை, மகள்."

மரியநாயகம் கூரையைப் பார்த்தார். காப்பகத்தின் ஸ்கேனில் பிழை என்று நான் சொல்லியிருக்கலாம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். என் பெயரும் தப்பியிருக்கும். ஆனால் அந்த மனிதர் சற்றுமுன் சல்யூட் அடித்திருந்தார்.

"சுபேதார் ஐயா, திருப்பியது நான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றேன்.

படத்தைப் பார்த்ததுபோலவே என்னையும் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "அழகுக்கோ?"

"அழகுக்குத்தான்."

திடீரென்று சிரித்தார், வீடே அதிர்ந்தது. "எங்களுக்கும் ஒரு கேணல் இருந்தவர். கூடாரமெல்லாம் அழகான வரிசையில நிக்கவேணும் எண்டு பள்ளத்தில அடிப்பிச்சார். முதல் மழையோட அவற்ர கட்டிலும் மிதந்தது!"

பின்னர் படத்தை நோக்கி நிமிர்ந்து, "பீச்சே முட்!" என்று அணிவகுப்புக் குரலில் கட்டளையிட்டார். திரும்பு என்று பொருள். சிப்பாய் அசையவில்லை.

"கட்டளைக்குப் பணியிறானில்லை. பிடியுங்கோ, கடைக்குக் கொண்டுபோவம்!"

3. வாசல்

படத்தை நானே இறக்கினேன். கனடாவில் சுபேதார் முதன்முதலில் சுற்றிப் பார்த்த இடம் எங்கள் கடையாயிற்று. தாள் அங்குலம் அங்குலமாக வெளியேற, அவர் பிரிண்டரின் அருகிலேயே நின்றார். நாடா இடப்பக்கம் வந்தபோது "சரி" என்றார். போல்ட் வலப்பக்கம் வந்தபோது இன்னும் பலமாக "சரி" என்றார்.

மரியநாயகம் தேநீர் நீட்டினார். "அண்ணை, பௌதிகப் பட்டத்தை இண்டைக்கு ஆமி வந்து திருத்திப்போட்டுது, என்ன?"

"சட்டத்தைப் பூட்டும்" என்றேன்.

மாலைக்குள் படம் மீண்டும் சுவரேறியது. விருந்தினர் ஒருவரும் போகவில்லை, கைதட்டினார்கள். ஆனால் இப்போது இடப்பக்கச் சிப்பாய் அடுப்புக்கு முதுகு காட்டி, முன்கதவை நோக்கியிருந்தார். தொழில் வழக்கப்படி அது குறை என்றும், வேண்டுமானால் வேறு படம் தேடலாம் என்றும் சொன்னேன்.

சுபேதார் வியப்புடன் பார்த்தார். "ரெண்டு பேரும் உள்ளுக்குப் பாத்துக்கொண்டு நிண்டால், வாசலை ஆர் பாக்கிறது?"

மூன்று மாதத்துக்கு டிக்கெட் எடுத்து வந்தவர், பனிக்காலத்தையும் கண்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். இடையில் வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, போர்க்காலப் படங்கள் எதுவானாலும் தாம் பார்த்த பிறகே சட்டமிடவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். நான் மறுக்கவில்லை.

இளையோருக்குச் சொல்வது இதுதான். சுவரின் அழகு நம் பொறுப்பு. படத்தில் நிற்பவரின் இடமும் வலமும் அவருக்குரியவை. உரியவரைக் கேட்காமல் அவற்றில் கை வைக்காதீர்கள். கை வைத்துவிட்டால், யாரும் கேட்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். அவர் கேட்ட பிறகுதான் நான் சொன்னேன். சுபேதார் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது என் அதிர்ஷ்டம். அதை விதியாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.