தரையில் நான்காவது அடையாளம்

டொம்ம்ம்ம்...

ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பிற்பகல் மணி 3.10. நம்பினால் நம்புங்கள், இது நடு ராத்திரியில் நடந்ததல்ல. பட்டப்பகல். கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை. நான் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவன்.

என் வீட்டு நாற்காலியில் ஒரு சப்வூஃபர், அதாவது அடித்தொனி எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி, உட்கார்ந்திருந்தது. மூன்று வீடுகளுக்குப் போய், மூன்று முறையும் கடைக்குத் திரும்பி வந்த பெட்டி. முதல் வீட்டில் ஏன் வேண்டாமென்றார்கள் என்று முதலாளி சொன்னதில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் ஒரே புகார். ஏதோ உரசுகிறதாம். பிரித்துப் பார்த்து, பழுதில்லை என்று இரண்டு முறையும் கையெழுத்துப் போட்டவன் நான். அன்று மாலை ஆறு மணிக்குள் அதை நிரூபிக்காவிட்டால் மறுநாள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி.

பழுது ஒளிய இடம் கொடுக்காத மூன்று பதிவுகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். ஒன்று, சர்ச்சுகளில் வாசிக்கும் ஆர்கன். அதன் அடிமட்ட ஸ்வரம் இருபது விநாடி நீளும். உரசல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு, தனி முரசு. அடிக்கும் அடிக்கும் நடுவே சுத்தமான அமைதி. மூன்று, டபுள் பாஸ் என்கிற ஆளுயர வயலின்.

இடம் தப்பினால் நல்ல பெட்டியும் உறுமும். இடம் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. நாம் உட்கார்ந்து கேட்கும் நாற்காலியில் பெட்டியை வைத்துவிட்டு, காதைத் தாழ்த்தி நாம் தரையில் தவழ வேண்டும். பாஸ் என்கிற அடித்தொனி நிறைவாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் அடையாளம். பெட்டியை அங்கேதான் வைக்க வேண்டும்.

“குழந்தைகூட ஒரு வருஷத்துல தவழறத விட்டுடும்” என்று சொல்லிவிட்டு மனைவி வெளியே போனாள். கதவைத் தாழிட்டேன்.

3.20. ஆர்கன். தவழ்ந்தேன்.

சர்ர்ர்...

துணி தரையில் இழுபடும் சத்தம். நின்றேன். அதுவும் நின்றது. என் கால்சட்டைதான் என்று முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டேன். முதல் அடையாளம்.

3.35. முரசு. டொம்... டொம்... சர்ர்.

கால்சட்டை தரையில் படவே இல்லை. பெட்டி எனக்கு முன்னால். சத்தம் பின்னால்.

இரண்டாவது அடையாளம். விடுவேனா?

3.50. டபுள் பாஸ். மூன்றாவது.

எழுந்து எண்ணினேன்.

நான்கு.

நான்காவது, அலமாரி ஓரம். அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. என் வேலையில் கை வைக்க யார் இது? அங்கே போய்க் காதை வைத்தேன். ஒத்துக்கொள்ளவே மனமில்லை... அதுதான் மிகச் சரியான இடம்.

தரை வெதுவெதுப்பாக இருந்தது.

சர்ர்... டொக். சர்ர்... டொக்.

முழங்கால்கள்.

பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது.

சர்ர்... டொக்.

4.02. பிடரியில் மூச்சு...

திரும்பவில்லை. “யாரா இருந்தாலும் தள்ளிப் போ. எனக்கு வேலை இருக்கு” என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

சத்தம் நின்றது.

உடனே முதலாளிக்குப் போன் போட்டேன். கரண்ட் இல்லாதபோதும் உரசுகிறது. எனவே பெட்டியில் பழுதில்லை, என் கையெழுத்திலும் தப்பில்லை என்றேன். நான்காவது அடையாளத்தையும் சொன்னேன்.

வேலை தப்பியது. பெட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் என் வீட்டில், அந்த நான்காவது அடையாளத்தின் மேல்தான் இருக்கிறது. எடுக்கப்போவதில்லை.

ஆனால் அன்று போனில் முதலாளி மெதுவாகச் சொன்னது இதுதான்.

“முதல்ல வாங்கினவர் திருப்பித் தரலப்பா, அவர் பொண்ணுதான் கொண்டு வந்துச்சு... இப்படித்தான் தவழ்ந்து இடம் தேடிட்டிருந்தாராம், உயிர் போனப்பவும் சாக்பீஸ் கையிலயே இருந்துச்சாம்.”