தெருமுனைக்கு வரும் பேருந்து

என் பெயர்த்தி பயிலும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது ஒரு பேருந்து என்றால் அது மிகையன்று.

பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு நடைபெற்ற நாள்களில், மேற்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டின் உணவு மேசைமீது மடிக்கணினி ஓயாமல் திறந்தே கிடந்தது. மகன் நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவன். பகலெல்லாம் திரையைப் பார்த்த கண்களோடு வந்து, மாலையிலும் திரைமுன் அமர்ந்து, விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். எந்தத் துறை, எத்தகைய ஆசிரியர்கள், ஆய்வகங்கள் எப்படி என்றுதான் பேச்சுத் தொடங்கிற்று. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் வந்து அமர்ந்ததும் அது திசைமாறியது.

"சார், ரெண்டு பசங்கள இன்ஜினியரிங் படிக்க வெச்சவன் சொல்றேன். எல்லா காலேஜும் ஒண்ணுதான். அவங்க பஸ் நம்ம தெருவுக்கு வருதா, அத மட்டும் பாருங்க."

"அதானே," என்றாள் மருமகள். அவள் பள்ளி ஆசிரியை. "இவ தினம் ஜி.எஸ்.டி. ரோட்ட க்ராஸ் பண்ணி, ட்ரெயின் ஏறி... எனக்கு நெஞ்சு தாங்காது."

பெயர்த்தி விரும்பிய கல்லூரி நகரின் நடுவே இருந்தது. அதன் பேருந்து எங்கள் பக்கம் வருவதில்லை. ஆகவே அக்கல்லூரி பட்டியலில் கீழே இறங்கிற்று. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் உள்ள ஒன்று, அதன் பேருந்து எங்கள் தெருமுனையில் நிற்கும் என்பதனால், முதலிடத்துக்கு ஏறிற்று. வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ் கற்பிப்பதில் கழித்தவன் என்பதால் என்னையும் ஒரு சொல் கேட்டார்கள். நல்ல நூலகம் உண்டா என்று வினவினேன். "எல்லா காலேஜ்லயும் இருக்கும்ப்பா," என்று மகன் அடுத்த வரிக்குப் போனான். எனக்கும் அலுப்பாக இருந்தது. எழுந்து உறங்கச் சென்றேன்.

முதலாண்டு முழுவதும் நான் கண்டது அவளுடைய உறக்கத்தைத்தான். விடியற்காலை அரைத்தூக்கத்தில் பேருந்தேறுவாள். மாலை முழுத்தூக்கத்தில் இறங்குவாள். நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வரும் அவ்வண்டியில் அமர்ந்திருப்பதே ஓர் உழைப்பு என்பதை அவள் முகம் சொல்லிற்று. ஒரு நாள் கேட்டேன்:

"நூலகத்திற்குப் போவதுண்டா அம்மா?"

"எங்க தாத்தா? கிளாஸ் முடிஞ்ச உடனே பஸ் கிளம்பிடும். ஒரு நிமிஷம் லேட்டானா டிரைவர் அண்ணா ஹாரன் அடிச்சே மானத்த வாங்கிடுவாரு. லைப்ரரி, கிளப், விளையாட்டு எல்லாம் சாயங்காலம்தான். அதெல்லாம் ஹாஸ்டல் பசங்களுக்கு. நாங்க டே ஸ்காலர்."

அத்தொடரைத் தமிழில் எவ்வாறு சொல்லலாம் என்று நான் எண்ணுவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"பகல் அறிஞர்னு வெச்சுக்கோங்க. பகல்ல பாதி நேரம் பஸ்ல தூங்கற அறிஞர்."

சிரித்தவள், அச்சிரிப்பு அடங்கும் முன்பே தட்டின் முன் கண் மூடிவிட்டாள். அவள் தாய் தோளைத் தொட்டு எழுப்பி ஊட்டினாள்.

இரண்டாமாண்டில் மின்னணுவியல் ஆசிரியை ஒருவர் சில மாணவர்களை அழைத்தார். மழைக்காலத்தில் நம் பகுதி ஏரிகள் நிரம்பி வருவதை முன்னரே அறிவிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்து பார்க்கும் முயற்சி அது. வகுப்பு முடிந்தபின் ஆய்வகத்தில் தங்கிப் பணிசெய்ய வேண்டும். வார இறுதிக்குள் விடை சொல்லுமாறு பெயர்த்தியிடமும் கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் தாயிடம் சொன்னாள்.

"ட்ரெயின்ல வந்துடறேம்மா. சிங்கப்பெருமாள் கோவில்ல ஏறினா நேரா தாம்பரம்."

"இருட்டினப்புறமா? ஷேர் ஆட்டோல தொங்கிகிட்டு, கூட்டத்துல இடிபட்டு? வேணாம்டி. அதான் பஸ் இருக்குல்ல."

"பஸ் இருக்கும்மா. காலேஜ்தான் இல்ல."

மருமகளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மகன் கைப்பேசியில் தலைகவிழ்ந்தான். "மாமா, நீங்களே சொல்லுங்க," என்று அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு நாள் நானே உடனிருந்து அழைத்து வருகிறேன், வழி எத்தகையது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். அவ்வளவு தொலைவு செல்லும் வலு என்னிடம் இருந்ததா என்பது வேறு.

குறித்த நாளில் பிற்பகல் தொடர்வண்டியில் சென்று சேர்ந்தேன். பெயர்த்தி இசைவு பெற்று என்னை நூலகத்தில் அமர்த்திவிட்டு வகுப்புக்குப் போனாள். குறை சொல்ல இயலாத நூலகம் அது. நல்ல நூல்கள் நிரல்பட நின்றன. சிலவற்றை எடுத்துப் பிரித்தேன். எவரும் பிரித்துப் படிக்காததால் அவற்றின் கட்டுத் தளராமல் விறைப்பாக முறுகிற்று. காலியான நாற்காலிகளுக்கு மேலே மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

பின்னர் மணி ஒலித்தது. வெளியே வரிசையாக நின்ற பேருந்துகள் ஒருசேர உறுமின. பைகளைத் தோளில் மாட்டிய பிள்ளைகள் ஓடி ஏறினர். வண்டிகள் வாயிலைத் தாண்டும்போதே சன்னல் கண்ணாடிகளில் தலைகள் சாயத் தொடங்கியிருந்தன. புழுதி அடங்கியபின் பார்த்தால், கல்லூரியே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

ஆய்வகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. கதவருகே நின்று நோக்கினேன். கம்பிகளைப் பற்றவைக்கும் மின்கோலின் நுனியில் மெல்லிய புகை எழ, பெயர்த்தி குனிந்திருந்தாள். அருகிலிருந்தவன் ஏதோ சொல்ல, "போடா, நீ வெச்ச கனெக்‌ஷன்தான் தப்பு," என்று வெடித்தாள். அவள் இப்படி உரத்துப் பேசி நான் கேட்டு நெடுநாளாயிற்று. கால்கள் கடுத்தன. வெளியே ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து காத்திருந்தேன்.

நிலையத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை முடித்தவர்கள் நடைமேடையை நிறைத்திருந்தனர். சீருடை அணிந்த இளம்பெண்கள் பலர். வண்டி வந்ததும் பெயர்த்தி அவர்களோடு நின்றாள். "தாத்தா, இது லேடீஸ். நீங்க பக்கத்துப் பெட்டில ஏறுங்க. தாம்பரத்துல பாக்கலாம்."

காவலுக்கு வந்தவன் வேறு பெட்டியில் ஏற வேண்டும் என்பதை நாங்கள் எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

உள்ளே கம்பியைப் பற்றி நின்றேன். ஓர் இளைஞர் எழுந்தார். "இன்னா பெருசு, நின்னுகினு கீற? குந்து, குந்து." குந்தினேன். வண்டலூர் வந்தது நினைவிருக்கிறது. அடுத்து என்னை எழுப்பியது சட்டைப்பையில் அதிர்ந்த கைப்பேசி.

"தாத்தா, எங்க இருக்கீங்க? தாம்பரம் ஃபுல்லா தேடிட்டேன்!"

வெளியே பெயர்ப்பலகை நகர்ந்து நின்றது. "குரோம்பேட்டை போலும்," என்றேன். தாம்பரத்தை உறக்கத்திலேயே கடந்திருந்தேன்.

"போலுமா? ஐயோ, மொதல்ல எறங்குங்க. பெஞ்ச்ல உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தாள். சினக்கவில்லை, என் கையைப் பற்றி மேம்பாலத்தின் படிகளில் மெதுவாக ஏற்றி, எதிர் நடைமேடைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே நின்றபோதுதான் அவள் குரல் தாழ்ந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா. தாத்தாவே தொலஞ்சுட்டாரு, நீ எப்படி வருவேன்னுவாங்க. எல்லாம் போச்சு."

மருமகள் வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் இவ்ளோ லேட்டு?" பெயர்த்தி செருப்பைக் கழற்றுவதில் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். பொய்யொன்றைக் கட்டிக் காப்பதற்குரிய தெம்பு என்னிடம் இல்லை. உறங்கிப்போனதைச் சொன்னேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"நீ தாம்பரத்துல எறங்கி, திரும்ப குரோம்பேட்டை போயி, இவர கூட்டிட்டு வந்தியா? தனியா?"

"ம்."

உள்ளிருந்து மகன் சிரித்துவிட்டான். "காவலுக்கு நல்ல ஆளத்தான் அனுப்பிச்ச!"

"சும்மா இருங்க," என்றாள் அவள். பிறகு என்னிடம், "அங்க அப்படி என்னதான் பண்றாங்க மாமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அங்கே உன் மகள் விழித்திருந்தாள் என்றேன்.

அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திர அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. ஒரு டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்து, அது சரியில்லையென வேறொன்றை எடுத்தாள்.

"நாளையிலேர்ந்து சாயங்காலத்துக்கும் சேத்து ரெண்டு டப்பா கட்டணும்," என்று அங்கிருந்தே சொன்னாள். "காலையில செஞ்ச சோறு அது வரைக்கும் தாங்காது, முறுக்கு ஏதாவது வெக்கறேன். தாம்பரத்துல எறங்கின உடனே போன் பண்ணணும், கேக்குதா?"

பெயர்த்தி நின்றபடியே ஆசிரியைக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தாள். நான் வீங்கிய கால்களை எதிர் நாற்காலியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.